இலேசான ஈயக் குண்டு

துப்பாக்கி என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன ஓசையும் புகையுமே. அவ்வோசைக்கு முன் நிகழ்வன யாவை, ஒரு சிறு ஈயத் துண்டு எவ்வாறு உருக்கி வார்க்கப்பெற்றுப் பித்தளைக் கூட்டினுள் அமைந்து குறியை நாடிச் செல்கின்றது என்பனவற்றை ஆராய்வார் சிலரே. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பது பழமொழி. தோட்டாவிலோ அவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவியே வாழ்கின்றன. சுழல் துப்பாக்கியாகிய ரிவால்வருக்கு வேண்டும் தோட்டாக்களைச் சுடுவோர் தம் கையாலேயே வார்த்து நிரப்பிக்கொள்ளும் வழக்கத்தையும், அவற்றுள் எடை குறைந்த குண்டுகள் காட்டும் சில விந்தைகளையும் இங்கே எடுத்துரைக்கப் புகுந்தோம். பௌதிகமும் இரசாயனமும் பயிலும் மாணவர்க்கு இவற்றில் சிந்திக்கத்தக்கவை பல உள.

இவ்வழக்கம் பெரிதும் அமெரிக்க நாட்டுக்கு உரியது. அங்கே 1884-ஆம் ஆண்டில் ஜான் பார்லோ என்பார் நியூஹேவன் நகரில் ஐடியல் என்னும் தொழிற்சாலையை நிறுவி, குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா நிரப்பும் கருவியும் ஒன்றாய் அமைந்த இடுக்கி ஒன்றை விற்று வந்தார். கடைவீதி தொலைவில் இருந்த பண்ணையாளருக்கும் வேட்டைக்காரருக்கும் அது பெருந்துணையாயிற்று. 1925-இல் லைமன் நிறுவனத்தார் அத்தொழிலை விலைக்கு வாங்கினர். நம் நாட்டிலோ உரிமமின்றித் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆதலின் நாம் இங்குக் கூறுவது அறிவின்பொருட்டே அன்றிச் செய்முறைக்கன்று.

ரிவால்வர்த் தோட்டாக்களுள் மிகப் பரவியது .38 ஸ்பெஷல் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்மித் வெஸ்ஸன் நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். அதற்குரிய குண்டின் எடை 158 கிரெயின். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின் ஆதலால், அது நம் அளவையில் பத்துக் கிராமுக்குச் சற்று மிகுதி. இலேசான குண்டு என்று நாம் சொல்வது 105 முதல் 125 கிரெயின் வரை உள்ளவற்றை. 110 கிரெயின் குண்டு ஏழு கிராமளவே நிறுக்கும். ஒரு ராத்தல் ஈயத்தில் கனத்த குண்டுகள் 44 வார்க்கலாம். இலேசானவை 63 தேறும். சிக்கனம் நாடுவோர்க்கு இதுவே ஒரு காரணம். பின்னுதை குறைவு என்பது மற்றொன்று. 1980-களில் கலிபோர்னியாவில் தோன்றிய, பழங்கால மாட்டிடையர் வேடம் புனைந்து சுடும் போட்டிகளில் விரைந்து சுடுதலே வெற்றிக்கு வழி ஆகையால், கையை அதிகம் உதைக்காத இவ்விலேசான குண்டுகள் பெருவழக்காயின.

இனி உலோகத்தைக் காண்போம். காரீயம் 327 பாகை சென்டிகிரேடில் உருகும். அடுப்பங்கரை நெருப்பே அதற்குப் போதும். நீரைப்போலப் பதினொரு மடங்குக்கு மேல் கனமுடையது. எனினும் தூய காரீயம் நகத்தாற் கீறப்படும் அளவு மென்மையானது. அச்சின் மூலைமுடுக்குகளில் நன்கு பரவவும் மாட்டாது. ஆகவே அதனோடு சிறிது வெள்ளீயம் சேர்ப்பர். (நாம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம் என்னும்போது பூசுவது காரீயமன்று, இவ்வெள்ளீயமே. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நம்மிடையே நெடுநாளைய மயக்கம்.) நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயம் கலந்தாலே உருகிய ஈயம் அச்சில் கூர்மையாக நிரம்பும். கடினம் வேண்டுமாயின் ஆன்டிமனி சேர்க்கவேண்டும். ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்ற விகிதத்தில் அமைந்த கலப்பு, தூய ஈயத்தைவிட ஏறக்குறைய மும்மடங்கு கடினமானது. இம்மூன்றுமே அச்செழுத்து வார்க்கும் உலோகத்திலும் உள்ளவை. அச்சகங்கள் ஈயவெழுத்தைக் கைவிட்ட காலத்தில் கழிக்கப்பட்ட எழுத்துகளை அமெரிக்கர் பலர் வாங்கிக் குண்டாக வார்த்தனர். சொல்லைச் சுமந்த உலோகம் அவ்வாறு வேறு தொழிலுக்குப் போனதை எண்ணும்போது நமக்குச் சற்று வருத்தமே.

கடினமான குண்டே நல்ல குண்டு என்று பலர் கருதுவர். அது சரியன்று. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே திருகுபோலச் சுற்றியோடும் சால்கள் உள்ளன. குண்டு அவற்றை இறுக நிரப்பிச் செல்லுதல்வேண்டும். இடைவெளி இருப்பின் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். குழலின் அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 357 பங்காயின் குண்டு 358 பங்கு இருத்தல் நன்று. மிதமான மென்மையுடைய குண்டு வாயுவின் அழுத்தத்தால் அடிப்புறம் சிறிது விரிந்து தானே இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மிகக் கடினமானதோ விரிய மறுக்கும். அழுத்தம் குறைந்த ரிவால்வர்த் தோட்டாவில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். குண்டின் இடுப்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேன்மெழுகு கலந்த கொழுப்பைப் பூசுவதும் ஈயம் ஒட்டாதிருத்தற்கே.

வார்க்கும் முறை எளியது. உருகிய ஈயத்தில் சிறிது மெழுகிட்டுக் கிளறக் கசடு மேலே மிதக்கும்; அதை அகற்றிவிட்டு அகப்பையால் மொண்டு அச்சின் வாயில் ஊற்றுவர். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். மிகச் சூடேறினால் மேனி பனிபடர்ந்தாற்போல் மங்கித் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கைப்பழக்கம் ஒன்றே காட்டும். ஆனால் இரண்டு இடர்களை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஒரு துளி நீர் உருகிய ஈயத்தினுள் அகப்படின் அது நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து கலத்திலுள்ளதை முகத்தில் வாரி இறைக்கும். மற்றது ஓசையற்றது. ஈயத்தின் சாம்பலும் தூசும் விரலில் ஒட்டி, விரலிலிருந்து உணவுக்கும் உணவிலிருந்து குருதிக்கும் செல்கின்றன. அந்நஞ்சு பெரியோரைவிடக் குழந்தைகளின் மூளையையே மிகுதியாகத் தாக்கும். எனவே வீட்டுச் சமையலறையில் ஈயம் உருக்குவதைப்போன்ற பேதைமை பிறிதில்லை.

இனி இலேசான குண்டுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூடு, புகைமிக்க பழைய கரும்வெடிமருந்தைச் சுமார் 21 கிரெயின் கொள்ளும்படி நீளமாய் அமைக்கப்பட்டது. இன்றைய புகையற்ற மருந்தோ சில கிரெயினே வேண்டப்படும். கூட்டின் பெரும்பகுதி வெற்றிடமாகவே நிற்கும். கனத்த நீண்ட குண்டு கூட்டினுள் ஆழ இறங்கி அவ்விடத்தில் ஒரு பகுதியை நிரப்பும். இலேசான குண்டு குட்டையானதாதலின் வெற்றிடம் இன்னும் பெருகும். துப்பாக்கியை மேல்நோக்கி நிமிர்த்திவிட்டுச் சுட்டால் மருந்து பின்புறத்தே கேப்பின் அருகில் கிடக்கும். கீழ்நோக்கித் தாழ்த்திவிட்டுச் சுட்டால் முன்புறத்தே குண்டின் அருகில் குவியும். ஒரே தோட்டா இவ்விரு நிலைகளில் இருவேறு வேகங்களைக் காட்டுதல் அளந்து கண்ட உண்மை. அன்றியும் இலேசான குண்டு மருந்துக்கு எதிர்த்து நிற்பது குறைவு. அழுத்தம் போதாமல் மருந்து அரைகுறையாய் எரிந்து கரி தங்கும். இதனைத் தவிர்க்கக் கூட்டின் விளிம்பை உட்புறமாக மடித்துக் குண்டை இறுகப் பிடிக்கச் செய்வர்.

வேகவேறுபாடு குறிதவறுதலோடு போகும். வெற்றிடத்தால் வரும் வேறொரு கேடு உயிருக்கே உலைவைப்பது. மருந்தின் அளவு கூட்டில் பாதிக்கும் குறைவாதலால், கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை கொட்டினாலும் அது வழிவதில்லை. மேலே குண்டை அமர்த்திவிட்டால் வெளியே யாதொரு வேறுபாடும் தெரியாது. அத்தோட்டா வெடிக்கும்போது சுழலும் அறையே பிளந்து சிதறக்கூடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மருந்தே இடாத கூட்டில் கேப்பின் சிறுவிசை மட்டும் குண்டை உந்திக் குழலின் நடுவே நிறுத்திவிடும். 'டப்' என்ற மெல்லொலி கேட்டும் ஐயுறாமல் அடுத்த தோட்டாவைச் சுடுபவர் அடைபட்ட குழலில் சுடுகிறார். ஆதலின் அறிந்தோர் நிரப்பிய கூடுகள் யாவற்றையும் துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு அமர்த்துமுன் விளக்கை ஏந்தி ஒவ்வொன்றினுள்ளும் குனிந்து நோக்குவர். மருந்தின் அளவையும் தம் ஊகத்தால் கொள்ளாது, சோதனைச்சாலையில் அழுத்தம் அளந்து வெளியிடப்பட்ட அட்டவணையிலிருந்தே கொள்வர்.

இனி விந்தைக்கு வருவோம். 158 கிரெயின் குண்டு வினாடிக்கு 750 அடியும், 110 கிரெயின் குண்டு 950 அடியும் செல்வதாகக் கொள்வோம். 25 கஜத்தொலைவை முன்னது பத்தில் ஒரு வினாடியில் கடக்கும். அதற்குள் பூமியின் ஈர்ப்பால் ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழும். பின்னது விரைந்து செல்வதால் அங்குலமும் காலுமே தாழும். அப்படியாயின் இலேசான குண்டு குறிப்பலகையில் மேலே படவேண்டும் அன்றோ? படுவதோ கீழே! ரிவால்வர் சுடுவோர் யாவரும் இதனைக் கண்டு வியப்பர்.

காரணம் நியூட்டனின் மூன்றாம் விதியில் உளது. குண்டு குழலுள் முன்னேறும்போதே துப்பாக்கி பின்னேறுகின்றது. கையின் பிடியையும் மருந்தின் எடையையும் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், அது பின்னேறும் தூரம் குண்டு சென்ற தூரத்தைக் குண்டின் எடையால் பெருக்கித் துப்பாக்கியின் எடையால் வகுத்ததாகும். இரண்டு ராத்தல் துப்பாக்கி 14,000 கிரெயின். ஆறு அங்குலம் செல்லும் கனத்த குண்டுக்கு இது 0.068 அங்குலம்; இலேசானதற்கு 0.047. குழலின் அச்சுக்கோடு கையின் பிடிக்கும் துப்பாக்கியின் ஈர்ப்பு மையத்துக்கும் மேலே இருப்பதால், இவ்வுதை பின்னே தள்ளுவதோடு நில்லாமல் குழலின் வாயை மேல்நோக்கித் திருப்பவும் செய்யும். அத்திருப்பமும் குண்டின் எடையை ஒட்டியே மிகும். ஆகவே கனத்த குண்டு வெளியேறும் கணத்தில் வாய் அதிகம் நிமிர்ந்தும், இலேசான குண்டு வெளியேறும்போது குறைவாக நிமிர்ந்தும் இருக்கும். விரைந்து செல்லும் குண்டு துப்பாக்கி எழுமுன் ஓடிவிடுகிறது என்று சிலர் கூறும் விளக்கம் கேட்க இனியதேயாயினும், நம் கணக்கில் வேகம் இடம்பெறவேயில்லை என்பதை மாணவர் கவனிக்க. வேகம் கூடினால் காலம் குறையும். ஆனால் உதைப்பின் வேகமும் உடன் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

பின்குறியைத் திருகி உயர்த்தக்கூடிய துப்பாக்கியாயின் தொல்லையில்லை. பழைய காவற்படை ரிவால்வர்கள் பலவற்றில் குறிகள் 158 கிரெயின் குண்டுக்கு ஏற்பச் சட்டத்திலேயே நிலையாய் அமைந்தவை. அவற்றில் இலேசான குண்டையே வழங்க விரும்புவோர் முன்குறியை அரத்தால் அராவித் தாழ்த்துவர். முன்குறி தாழ்ந்தால் சுடுபவர் குழலை அதற்கேற்ப உயர்த்தியே குறிபார்ப்பார். அராவவேண்டிய அளவு மிகச் சிறிது. இரு குறிகளுக்கும் இடையே ஏழரை அங்குலமும், 25 கஜத்தில் குண்டு மூன்று அங்குலம் தாழ்ந்தும் இருப்பின், ஒத்த முக்கோண விதிப்படி ஓர் அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கே அராவவேண்டும். அங்ஙனம் அராவிய துப்பாக்கியில் மீண்டும் பழைய 158 கிரெயின் குண்டை இட்டுச் சுட்டால் அது குறிக்கு மூன்று அங்குலம் மேலே படும்.