ஆராய்ச்சி உத்தியோகந் தேடுவோர்க்கு

விஞ்ஞானப் பட்டம் பெற்ற நம் இளைஞருட் பலர், ஆசிரியப்பணியோ எழுதுவினைஞர் பணியோ ஒழியத் தமக்கு வேறு வழியில்லை என எண்ணிச் சோர்வடைகின்றனர். ஆராய்ச்சியும் ஊதியந் தரும் ஓர் உத்தியோகமே. அதனைத் தேடும் நெறியை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

முதற்கண், துறைப்பெயரை மட்டும் பற்றித் தேடுதல் போதாது. யப்பானிலே சாக்காய் நகரத்துப் போத்தல் மீள்சுழற்சி நிலையமொன்றிற் பெற்ற மாதிரிகளில், 'பெற்' என்னும் பிளாத்திக்கை உணவாகக் கொள்ளும் பற்றீரியம் ஒன்று காணப்பட்ட செய்தி 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் நொதியங்கள் பிளாத்திக்கைச் சிறு மூலக்கூறுகளாகப் பகுக்கின்றன. இவ்வாராய்ச்சி உயிரியலுக்கும் உரியது. கழிவு மீள்சுழற்சிக்கும் உரியது. 2020-இல் கொரோனாப் பரவலைக் கழிவுநீரைச் சோதித்து அறிந்தமையோ மருத்துவத்தையும் கழிவு முகாமையையும் இணைத்தது. ஆதலின் 'உயிரியல்' என்று தேடுவதோடமையாது, 'நொதியம்', 'கழிவுநீர்' எனத் தாம் கற்ற பொருளையும் முறையையுங் கொண்டு தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, தேடும் இடம். ஐரோப்பிய ஆணைக்குழுவின் 'யூராக்செஸ்' இணையத்தளமும், பிரித்தானியப் பல்கலைக்கழக வெற்றிடங்களை அறிவிக்கும் தளங்களும் தேடுவோரிடங் கட்டணம் பெறுவதில்லை. நெதர்லாந்து, சுவீடன், நோர்வே முதலிய நாடுகளிற் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பலர் சம்பளம் பெறும் ஊழியராகவே நியமிக்கப்படுகின்றனர். உத்தியோகந் தருவதாகக் கூறி முற்பணங் கேட்கும் தரகரை நம்பிக் குடும்பத்தின் காணியை ஈடுவைத்தல் வேண்டா.

மூன்றாவது, விதிகளை முன்னரே அறிதல். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள் எந்நாட்டவர்க்குந் திறந்தவை. ஆயின், நியமனத்துக்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்நாட்டிலே வதிந்தவர் அங்கே நியமனம் பெறார். சேர்மனியில் ஈராண்டு முதுமாணிக் கல்வி முடித்தவுடன் அந்நாட்டிலேயே இவ்விடத்தை நாடுபவர் இவ்விதியால் ஏமாற்றமடைவர். அவர் அயல்நாட்டுக் கூடத்துக்கு விண்ணப்பித்தல் தகும்.

இறுதியாக, பலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புதல் பயன் தராது. பேராசிரியரின் அண்மைக் கட்டுரையைப் படித்து, அவ்வேலையில் தம்மால் எதனைச் செய்யக்கூடும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுக.

கடல்கடந்து ஆய்வுகூடங்களிற் பணிபுரியும் பழைய மாணவர், தத்தம் கூடத்து அறிவித்தல்களைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவாராயின், அது நம் மாணாக்கர்க்குப் பேருதவியாகும்.