பாண்டியில எங்க சாப்பிடலாம்? ரேட்டிங்குக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி

"வீக்கெண்டுக்கு பாண்டி போறோம், எங்க சாப்பிடலாம்?" இந்தக் கேள்வி இன்பாக்ஸ்ல வந்துக்கிட்டே இருக்கு. அதனால்தான் இந்த எபிசோட். ஆனால் நான் கடை லிஸ்ட் தரப் போவதில்லை. இன்னைக்கு நான் சொல்ற கடையில ஆறு மாசம் கழிச்சு மாஸ்டர் மாறிட்டார்னா அது வேற கடை. கடற்கரை ஊர் எதுவாக இருந்தாலும் நீங்களே கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் பேசலாம். உதாரணத்துக்கு புதுச்சேரியை எடுத்துக்கொள்கிறேன்.

முதல்ல நான் சொதப்பின கதை.

போன மே மாசம் அப்பா, அம்மாவோட பாண்டி போயிருந்தேன். ஈ.சி.ஆர். டிராஃபிக்ல மாட்டி, ரூம்ல பையை வைக்கும்போது ராத்திரி எட்டரை. அப்பாவுக்கு சுகர். சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரையை, "அதான் கிளம்பிட்டோமே"ன்னு ரூம்லயே போட்டுக்கிட்டார். நான் பீச் ரோட்டில் நின்றபடி போனில் ஒன்பது டேப் திறந்து வைத்திருந்தேன். இது 4.6, அது 4.7, இதுல பார்க்கிங் இல்ல, அதுல அம்மாவுக்குப் பிடிச்ச வெஜ் இல்ல. கடைசியில் ஒரு கடையை முடிவு பண்ணிப் போனால், வாசல்ல இருந்தவர் "நாற்பத்தஞ்சு நிமிஷம் ஆகும் சார்" என்றார். மறுபடியும் போனை எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பா சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார். சட்டை நனைஞ்சு போச்சு. கை நடுங்குது. "என்னப்பா?"ன்னு கேட்டா பதில் சரியா வரல. அம்மாதான் ஓடிப்போய் டீக்கடையில் ஒரு கை சர்க்கரை வாங்கி வந்து அவர் வாயில் போட்டாங்க. கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அப்புறம் அந்த டீக்கடைக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில இட்லி சாப்பிட்டோம். இட்லி எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இல்ல. அந்தக் கை நடுங்கினது ஞாபகம் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததும், அடுத்த ரெண்டு நாள்ல கத்துக்கிட்டதும்தான் இனி வருவது.

4.8 பெரியதா, 4.3 பெரியதா?

ஒரு கடைக்கு 40 பேர் ரிவ்யூ போட்டு 4.8. இன்னொரு கடைக்கு 3,000 பேர் போட்டு 4.3. நம்ம கண்ணு முதல் கடைக்குத்தான் போகும். ஆனால் 40 பேரில் ஓனரின் நண்பர்கள் பத்துப் பேர் இருந்தாலே கணக்கு மாறிவிடும்.

இதுக்கு ஒரு எளிமையான கணக்கு இருக்கு. அந்த ஊர்க் கடைகளின் சராசரி 4.0 என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு கடைக்குமே, 4.0 கொடுக்கிற 100 கற்பனை ஆட்களைச் சேருங்கள். முதல் கடை 4.8லிருந்து 4.23க்கு இறங்கிவிடும். இரண்டாவது கடை 4.29ல் நிற்கும். யார் முன்னாடின்னு பாருங்க! ஆட்கள் கம்மியா இருக்கிற ரேட்டிங்கை சராசரி பக்கமாக இழுத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். போன்ல இதைப் போட்டுப் பார்க்கணும்னு இல்ல. சில நூறு ரிவ்யூகூட இல்லாத 4.8ஐப் பார்த்து மயங்காமல் இருந்தால் போதும்.

ஆனால் இது பாதி விஷயம்தான். ஆயிரக்கணக்கில் ரிவ்யூ இருக்கிற கடையும் சுற்றுலா ஊரில் ஏமாற்றலாம். காரணம், எண்ணிக்கை கிடையாது. போட்டவர்கள் யார் என்பது.

யார் திரும்பி வருகிறார்கள்?

உங்க ஏரியாவுல இருக்கிற டிபன் கடையை நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு சாம்பார் புளிச்சுப் போனா, நாளைக்கு காலையில அதே ஆள் வந்து "என்னண்ணே நேத்து சாம்பார்?"ன்னு கேட்பார். ரெண்டு தடவை நடந்தால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். அந்த பயம்தான் சாம்பாரைக் காப்பாற்றுகிறது.

கடலைப் பார்த்த கடைக்கு அந்த பயம் குறைவு. இந்த வாரம் சென்னைக்காரர், அடுத்த வாரம் பெங்களூர்க்காரர். நீங்க திருப்தியா போனாலும் கோபமா போனாலும் மறுபடி வரப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் கடை போடுவதில்லை. ஆனால் வாடகை ஏறும்போது எதில் கை வைப்பது என்ற கேள்வி வந்தால், தட்டில்தான் கை வைப்பார்கள். காற்றுக்கும் கடலுக்கும்தான் கூட்டம் வருது, குழம்புக்கு இல்ல.

ரிவ்யூ போடுகிறவரும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை, லீவு சந்தோஷத்தில், சூரியன் மறையும் நேரத்தில் சாப்பிட்டவர். அவர் கொடுத்த அஞ்சு ஸ்டாரில் மூணு ஸ்டார் கடலுக்கு.

அதனால் ரேட்டிங்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தக் கடைக்கு அடுத்த வாரமும் வருகிற ஆள் யாராவது இருக்கிறாரா?

பாண்டியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஊர் அமைப்பே உதவும். பீச் ரோட்டிலிருந்து மேற்கே நடந்தால் ஒயிட் டவுன், அதைத் தாண்டினால் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிஷன் வீதி, நேரு வீதி, பெரிய மார்க்கெட், மகாத்மா காந்தி சாலை. கடலிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. இந்தப் பக்கம்தான் ஊர்க்காரர்கள் ஜவுளி எடுக்கிறார்கள், ஆபீஸ் போகிறார்கள், மதியம் சாப்பிடுகிறார்கள். ஒரு மணிக்கு ஒரு மெஸ்சுக்குள்ள எட்டிப் பாருங்க. தனியா வந்து, மெனு கேட்காம உட்கார்ந்து, சாப்பிட்டு கை கழுவிட்டுப் போறவங்க எத்தனை பேர்? அவங்கதான் உண்மையான ரிவ்யூ. ரிவ்யூதான் படிப்பேன்னு அடம் பிடிச்சீங்கன்னா, தேடற இடத்துல "வரும்போதெல்லாம்", "எப்பவும்" மாதிரி வார்த்தையைப் போட்டுத் தேடுங்க. திரும்பி வந்தவர் மட்டும்தான் அப்படி எழுதுவார்.

இதுக்காக ஒயிட் டவுனையே ஒதுக்கணும்னு சொல்லல. அங்கே போனால் அங்கே மட்டும் கிடைப்பதைச் சாப்பிடுங்கள். பிரெஞ்சு சமையலும் நம்ம ஊர் மசாலாவும் கலந்த கிரியோல் சமையல் பாண்டிக்கே உரியது. பிரெஞ்சுக்காரர்கள் 'வாடுவான்' என்று சொல்கிற மசாலாவே நம்ம வடகத்திலிருந்து போனதுதான். அதை விட்டுட்டு அங்க போய் பனீர் டிக்கா கேட்டா எப்படி? கடல் பார்க்கணும்னா காபியோட பாருங்க. காபி சுமாரா இருந்தாலும் நஷ்டம் கம்மி.

மே மாசத்துல வஞ்சிரம் எங்கிருந்து வந்தது?

கடற்கரை ஊர் என்றால் மீன். சனிக்கிழமை மதியம் பீச் பக்கம் ஒரு கடையில் "வஞ்சிரம் பிரெஷ்ஷா?" என்று கேட்டேன். "காலையில பிடிச்சது சார்" என்றார். சாப்பிட்டேன். வறட்டி மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை அம்மா மீன் பார்க்கணும்னு சொன்னதால பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். மீன் விற்கிற ஒரு அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். சிரிச்சுட்டாங்க. "தடைக்காலம் தம்பி, பெரிய போட் எதுவும் போகல. அந்த வஞ்சிரம் ஐஸ்ல வெளியூர்லேர்ந்து வந்தது. இந்த நெத்திலியும் சங்கராவும் நம்ம சின்ன போட்டுல வந்தது"ன்னாங்க.

எனக்கு உண்மையிலேயே அப்பதான் உறைச்சது. கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கடற்கரையில் அதே 61 நாள், ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் ஒரு தேதி, கேரளாப் பக்கம் இருக்கிற மாஹேவுக்கு வேற தேதி. தடைக்காலத்தில் கட்டுமரமும் கரையோரம் போகிற சின்னப் படகுகளும்தான் போகும்.

அதாவது நம்ம கோடை லீவும் தடைக்காலமும் ஒண்ணு. மே மாசம் பாண்டியில் உங்கள் தட்டுக்கு வருகிற பெரிய மீன், பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் லாரி ஏறி வந்ததாகவோ ஃப்ரீசரிலிருந்து எடுத்ததாகவோ இருக்கும். ஐஸில் ஒழுங்காக வந்த மீன் கெட்டது கிடையாது. ஆனால் "காலையில பிடிச்சது" என்ற விலையைக் கொடுத்து அதைச் சாப்பிட வேண்டாம்.

அதனால் "பிரெஷ்ஷா?"ன்னு கேட்காதீங்க. அதுக்கு "ஆமா"ங்கற பதில் மட்டும்தான் வரும். "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?"ன்னு கேளுங்க. ரெண்டு மூணு மீன் பேரைச் சொல்லி, "வஞ்சிரம் இன்னைக்கு வேணாம் சார்"னு ஒருத்தர் சொன்னார்னா அங்கேயே உட்காருங்க. "எல்லாமே இருக்கு"ன்னு பதில் வந்தால் வெஜ் சாப்பிடுங்க. தட்டில் மீனைக் காட்டி எடைக்கு விலை சொல்கிற கடைகளில், கண் தெளிவாக, குழி விழாமல் இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சமைத்த பிறகு ஆகும் முழு விலையை அடுப்புக்குப் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் நாள் தேடு, கடைசி நாள் திரும்பிப் போ

நம்ம துறையில இதை எக்ஸ்ப்ளோர், எக்ஸ்ப்ளாய்ட்னு சொல்வாங்க. புதுசா தேடறதா, தெரிஞ்ச நல்லதையே எடுத்துக்கறதா? விடை, மிச்சம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் நாள் ஒரு நல்ல கடையைக் கண்டுபிடித்தால், அதை அனுபவிக்க இன்னும் நாலைந்து வேளை இருக்கிறது. கடைசி ராத்திரி கண்டுபிடித்தால் அடுத்த வேளை சாப்பாடு உங்க ஊரில். அதனால் ரிஸ்க் எல்லாம் முதல் நாள். கடைசி வேளை, பிடிச்ச கடைக்கே.

இன்னொரு விஷயம். 1956ல் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். பிற்பாடு, 1978ல், பொருளாதார நோபல் வாங்கியவர். இருப்பதிலேயே சிறந்ததைத் தேடிக்கொண்டே இருக்காமல், 'இவ்வளவு இருந்தா போதும்' என்று ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுகிற முதல் விஷயத்தை எடுத்துக்கொள்வது. மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்றார். அன்னைக்கு பீச் ரோட்டில் நான் செய்தது இதுக்கு நேர் எதிர். 4.6க்கும் 4.7க்கும் வித்தியாசம் தேடினேன், பக்கத்துல அப்பாவுக்கு சர்க்கரை இறங்கிக்கிட்டிருந்தது.

இப்ப எங்க வீட்டுக் கோடு இதுதான். சுத்தமா இருக்கணும், உட்கார இடம் வேணும், எல்லாருக்கும் ஒரு அயிட்டமாவது இருக்கணும், பத்து நிமிஷத்துல உட்காரணும். தேடறதை பஸ்ஸிலோ கார்லயோ பசிக்கு முன்னாடியே முடிச்சிடணும். அப்பா மாத்திரை, தட்டு முன்னாடி வந்த பிறகுதான். என் பையில சர்க்கரைப் பொட்டலம் எப்பவும் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மூணு மணிக்கு மேல போனீங்கன்னா பல கடைகளில் அடுப்பை அணைச்சிருப்பாங்க, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

ஞாயிறு மதியம் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ல நெத்திலி வறுவலும் குழம்பும் சாப்பிட்டோம். பில் மூணு பேருக்கும் சேர்த்து சனிக்கிழமை வஞ்சிரத்தைவிடக் கம்மி. திங்கள் மதியம் ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, அப்பா "அங்கயே போலாம்டா"ன்னார். உள்ள நுழைஞ்சதும் பரிமாறுகிற அண்ணன் பார்த்துட்டு, "வாங்கய்யா, நேத்து குழம்பு இன்னொரு தடவை கேட்டீங்கல்ல?"ன்னு கேட்டு, நாங்க சொல்றதுக்கு முன்னாடியே கிண்ணத்தோட வந்துட்டார். ரெண்டாவது தடவை போனதும் நாங்களும் அந்தக் கடைக்குத் திரும்பி வர்ற ஆள் ஆயிட்டோம்.

உங்க ஊர்ல, இல்ல நீங்க போன கடற்கரை ஊர்ல, ரெண்டாவது தடவை தேடிப்போன கடை எதுன்னு எழுதி அனுப்புங்க. முதல் தடவை போன கடை வேணாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.