பீலிக்கரையில் ஒரு பத்துக் காசு

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருப்பது என் தொழில். வானொலி அறைக்குள் பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். கடந்த பள்ளி விடுமுறையின்போது அதே வேலையை வெயிலில் செய்தேன். நான்கு நாள், ஒரு பழைய மைவி கார், கையில் மைக்குக்குப் பதிலாக ஒரு மெட்டல் டிடெக்டர். கூட யாரும் இல்லை.

“தனியாவா போறே?” என்று அம்மா மூன்று முறை கேட்டார். அலுவலகத்தில் ஒருவர் “புதையல் கெடைச்சா வேலைய விட்டுடுவீங்களா?” என்றார். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் காலை நிகழ்ச்சியில் வீட்டில் இருக்கும் பழைய பொருட்களைப் பற்றி நேயர்களைப் பேசச் சொல்லியிருந்தோம். அம்மிக்கல், கிராமபோன், தாத்தாவின் பால் வெட்டும் கத்தி என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பாட்டி பேசினார். வயது 89. “எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. இருந்தது மண்ணுக்குள்ள இருக்கு” என்றார். ஜப்பான்காரன் வந்தபோது அவருடைய அம்மா வீட்டிலிருந்த சில்லறையை எல்லாம் ஒரு பால் டின்னில் போட்டு, மூன்றாவது லயத்துக்கும் பீலிக்கரைக்கும் நடுவில் புதைத்தாராம். அப்பாவை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. டின் என்ன ஆனது என்று அம்மாவிடம் கேட்கும் வயது அப்போது பாட்டிக்கு இல்லை. கேட்கும் வயது வந்தபோது அம்மா இல்லை.

நேரடி ஒலிபரப்பில் 40 விநாடி யாரும் பேசாமல் இருந்தால் எங்கள் துறையில் அது பெரிய விபத்து. அன்று நான் எத்தனை விநாடி பேசாமல் இருந்தேன் என்று எண்ணவில்லை.

டிடெக்டரை நான் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வாங்கியிருந்தேன். விடுமுறை நாளில் போர்ட்டிக்சன், மோரிப் கடற்கரைகளில் நடக்க அது ஒரு சாக்கு. ஆனால் தோட்டத்து மண்ணைக் கிளறுவது வேறு விஷயம். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், மரபுப் பொருள் என்று நம்பத்தக்க எதையாவது கண்டால் உடனே மரபுடைமைத் துறைக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிலமும் யாரோ ஒருவருடையது. ஆகவே முதலில் நில உரிமையாளரைத் தேடிப் பிடித்தேன். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் பாட்டி வாரம் ஒரு முறை அழைத்து, “தாயி, இன்னும் கெளம்பலியா?” என்பார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த நிலத்தில் இருந்த கிழட்டுப் பால்மரங்களை வெட்டிவிட்டார்கள். டுரியான் போட மண்ணை அள்ளிச் சமப்படுத்தும் இயந்திரம் மாதக் கடைசியில் வருவதாக இருந்தது.

நெடுஞ்சாலையில் போனால் மூன்று மணி நேரத்தில் சுங்கை சிப்புட். நான் பழைய சாலையைப் பிடித்தேன். தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர், பீடோர். பீடோரில் கொய்யா வாங்கிக்கொண்டு தெலுக் இந்தான் பக்கம் திரும்பி, சித்தியவான் வழியாக லுமுட். முதல் நாள் தெலுக் பாத்தேக் கடற்கரையில் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கடற்கரையில் சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கீழே வட்டமாக இருக்கும் சுருளில் மின்சாரம் ஓடி ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் பிறக்கும். அவை திருப்பி அனுப்பும் புலத்தைச் சுருள் பிடித்துக்கொள்கிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளிக்கும் செம்புக்கும் பதில் ஒரு மாதிரி வரும், இரும்புக்கு வேறு மாதிரி. கருவி அந்த வித்தியாசத்தைச் சத்தமாக மாற்றுகிறது. என்னுடையதில் இரும்பு என்றால் தொண்டையைச் செருமுவது போல ஒரு முனகல். வெள்ளி என்றால் மேல்ஸ்தாயியில் ஒரு சுத்தமான மணிச்சத்தம். நடுவில் இருப்பவைதான் வில்லங்கம்: பானக் குவளையின் இழுப்பு வளையமும் மெல்லிய மோதிரமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும்.

ஈர மணலில் உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரணக் கருவிகள் சும்மா சும்மா கத்தும். பல அலைவரிசையில் இயங்குபவை சமாளிக்கும். ஆழத்தைப் பற்றியும் பெரிய நம்பிக்கை வேண்டாம். ஒரு நாணயம் ஒரு சாண் ஆழத்துக்குள் கிடந்தால் கேட்கலாம். அதற்குக் கீழே அதிர்ஷ்டம்.

தெலுக் பாத்தேக்கில் மூன்று மணி நேரத்தில் கிடைத்தவை: 20 காசும் 50 காசுமாக நான்கு வெள்ளிக்கும் குறைவு, தூண்டில் ஈயக்குண்டு பதினொன்று, இழுப்பு வளையம் எண்ணவில்லை. ஒரு சிறுவன் தொலைத்த பைக் சாவியும் கிடைத்தது. அவன் அப்பா எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அன்றைய வருமானத்தில் அதுதான் பெரியது.

மறுநாள் ஈப்போ. பழைய நாணயம் விற்கும் ஒரு சீனப் பெரியவரின் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடக்கூடாது இல்லையா? பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஒரு காலத்தில் ஈயத்தால் முதலை வடிவில் வார்த்த காசு புழங்கியிருக்கிறது. பகாங்கில் பிரமிடு போன்ற தம்பாங். அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோலாலம்பூர் சசானா கிஜாங்கில் இருக்கும் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எனக்கு வேண்டியது அவ்வளவு பழையதல்ல. பாட்டியின் அம்மா 1941 டிசம்பரில் கையில் வைத்திருக்கக்கூடிய சில்லறை என்ன?

பெரியவர் ஒரு துணியை விரித்து வரிசையாக வைத்தார். நீரிணைக் குடியேற்றப் பகுதியின் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காசுகள். 1919 முதல் வந்த சதுர ஒரு காசு, மூலைகள் மழுங்கியது. நம் வீடுகளில் இன்னும் ஊறுகாய் ஜாடிக்குள் கிடக்குமே, அதேதான். பிறகு 1939 முதல் ‘மலாயா’ என்று அச்சிட்ட ஆறாம் ஜார்ஜ் காசுகள். பத்துக் காசின் வரலாறு எனக்குப் பிடித்திருந்தது. விக்டோரியா காலத்தில் அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் 40 பங்காக இறங்கியது. 1926இல் 60. 1939இல் 75. மறுபடி போர் வர, 1943 என்று ஆண்டு போட்டவற்றில் 50. அடுத்து 1948இல் வந்ததில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். அரசாங்கத்தின் கைப்பிடிப்பு ஒரு காசின் எடைக்குள் இப்படி எழுதப்பட்டிருக்கிறது.

“கெடைச்சா கழுவாதே, தேய்க்காதே” என்று மட்டும் பெரியவர் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும். கீறல் விழுந்தால் பாதி விலை. விற்கப் போவதில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலை சுங்கை சிப்புட். பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குத் துன் சம்பந்தன் நினைவு வரும். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். பாட்டியின் தோட்டம் அப்படிக் காப்பாற்றப்படாதவற்றில் ஒன்று. துண்டாடப்பட்டு, கை மாறி, இப்போது ஒரு சீனக் குடும்பத்திடம் ஆறு ஏக்கராக இருக்கிறது. உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் சரளமாக வருகிறது. “தங்கச்சி, டின் கெடைச்சா பாட்டிக்கு. தங்கம் கெடைச்சா எனக்கு” என்று சிரித்துவிட்டு, பாம்பு இருக்கும் என்று ஒரு தடியைக் கொடுத்தார்.

லயங்கள் எப்போதோ போய்விட்டன. 1948 ஜூனில் இதே வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயத்து மக்களை முள்வேலிக்குள் ஓரிடமாகச் சேர்த்தார்கள். பாட்டியின் லயம் அப்போது பிரிக்கப்பட்டதுதான். மிச்சம் இருந்தவை பீலிக்கரையின் சிமெண்டுத் தளமும் முனியாண்டி கோயில் கல்லும். தொலைபேசியில் பாட்டியை வைத்துக்கொண்டு, கல்லுக்கு முதுகு காட்டி நின்று, அவர் சொன்ன திசையில் நடந்தேன். “சோத்துக் கை பக்கம் வா... இன்னும் வா... எங்கம்மா நடைக்கு இருபது எட்டு.”

கருவியைப் போட்டவுடன் மண் முழுக்க முனகியது. செம்மண்ணிலேயே இரும்பு உண்டு. அதற்கு மேல், எழுபது எண்பது ஆண்டு மரங்களில் மங்கு கட்டிய கம்பிகள்! இரண்டு அடிக்கு ஒன்று. கருவியை அந்த மண்ணுக்கு ஏற்றபடி சமன் செய்து, நான்கு குச்சி நட்டு, நூல் கட்டி, பத்தடிக்குப் பத்தடி கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். காலையில் கிடைத்தவை கம்பி, கம்பி, கதவுக் கீல், வாளிக் கைப்பிடி, மறுபடி கம்பி. பகல் ஒரு மணிக்கு ஒரு பால் வெட்டும் கத்தியின் தலை. மர நிழல் இல்லாத நிலம், தலைக்குள் வெயில். எட்டு மணி நேரம் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு வானொலிப் பயிற்சி உதவும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மூன்றரை மணிக்கு அந்த மணிச்சத்தம் வந்தது.

ஒரு கை ஆழம். மண் உருண்டையை உடைத்ததும் கறுத்துப்போன சின்ன வட்டம். தண்ணீர் மட்டும் ஊற்றினேன். 1926, பத்துக் காசு. அதே இடத்தில் முழங்கை தூரத்துக்குள் இன்னும் மூன்று: சதுர ஒரு காசு 1919, இன்னொரு சதுரம் 1940, ஒரு ஐந்து காசு 1939. எல்லாம் ஜப்பானியர் வருவதற்கு முந்தியவை. அவற்றுக்குப் பக்கத்தில் இரும்பு முனகலை விடாமல் தோண்டியதில், துருவேறிய ஒரு டின் மூடியின் விளிம்பு வட்டமாக வந்தது. அடிப்பாகம் இல்லை. மாலை மங்கும் வரை சுற்றிலும் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். மூடி மட்டும்தான்.

இந்த நான்கு காசும் சேர்ந்து 17 காசு. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்திருந்தார்கள். அதுவும் பொருளாதார மந்தம் வந்தபோது குறைந்தது. அந்தப் பத்துக் காசு ஒரு பெண் இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய் நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்த கால் நாள்.

உரிமையாளர் காசுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “தங்கம் இல்லை, எனக்கு வேண்டாம்” என்றார். மறுநாள் காலை மாவட்ட அலுவலகத்தில் படங்களோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, பாட்டி வீட்டுக்குப் போனேன்.

பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. சதுரக் காசைக் கட்டைவிரலால் தடவி, மூலையை எண்ணினார். பத்துக் காசை நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மூடியை வாங்கிக்கொண்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பேரன்தான், “டின்னு கெடைக்கலியா? யாரோ திருடிட்டாங்க போல” என்றார்.

“திருடன் மூடிய தெறந்து பாத்துட்டா போவான்? டின்னோட தூக்கிட்டுப் போவான்” என்றார் பாட்டி. “இது எங்கம்மா.”

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். ஜப்பான் காலத்தில் சில்லறைக்கும் காகிதம்தான். ஒரு காசுக்குக்கூட நோட்டு. 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வாழைமரம் போட்ட அந்த நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. பக்கத்து வீட்டுப் பையன்கள் அவற்றில் காற்றாடி செய்தார்கள். கிராணி வீட்டிலேயே அரிசி இல்லை. ஆனால் அந்த வாரம் பாட்டியின் வீட்டில் மட்டும் அம்மா எங்கிருந்தோ அரிசியும் ஒரு முழம் கருவாடும் கொண்டுவந்தார். போருக்கு முந்திய காசு மறுபடி செல்லும் காசாகியிருந்தது. அதை யார் வைத்திருந்தார்களோ அவர்கள் சாப்பிட்டார்கள்.

“எங்கேருந்து வாங்கினேன்னு கேட்டேன். வாயில போட்டுக்கிட்டு பேசாம இருன்னாங்க. எட்டு வயசு எனக்கு. யாருகிட்டயோ கையேந்தியிருப்பாங்கன்னுதான் இத்தன வருஷம் நெனச்சேன்.”

ராத்திரியில் தோண்டியிருப்பார், விளக்கு இருந்திருக்காது, அவசரத்தில் நாலு காசு சிந்தியிருக்கும் என்று பாட்டியே அடுக்கினார். பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பாட்டி கையமர்த்திவிட்டார்.

மூன்று காசை ஒரு குங்குமச் சிமிழில் போட்டுச் சாமி மாடத்தில் வைக்கச் சொன்னார். 1940 சதுரக் காசை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “பெட்ரோலுக்கு வச்சுக்க” என்றார்.

திரும்பும்போது கம்பாரில் சாப்பிட நிறுத்தினேன். 1941 கடைசியில் நான்கு நாள் சண்டை நடந்த மேடுகள் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. டிடெக்டரைக் காரின் பின்னாலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கத்து மண்ணில் கேட்கும் சத்தம் காசாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வெடிக்காத குண்டுகள் நாட்டில் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி எதையாவது பார்த்தால் தொடாமல் விலகிப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

அம்மா நான்காவது முறையாக அழைத்தார். தஞ்சோங் மாலிம் தாண்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அப்போதுதான் பீடோரில் கொய்யா பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மண் அள்ளும் இயந்திரம் அதற்கு ஒன்பதாம் நாள் வந்ததாக உரிமையாளர் படம் அனுப்பினார். பீலிக்கரைத் தளத்தை மட்டும் உடைக்காமல் விட்டிருக்கிறார், டுரியான் கன்றுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க வசதியாக இருக்குமாம்.