உறுமுகிற நாயை அதட்டாதீர்கள்

வீட்டில் ஒரு நாய் – 9

“சும்மாதான் படுத்திருந்துச்சு. திடீர்னு கடிச்சிடுச்சு.”

வளர்ப்பு நாய் கடித்த வீடுகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது திடீரென்றுதான் நடந்தது. ஆனால் கடிப்பதற்கு முன்னால் அந்த நாய் பலமுறை “வேண்டாம், விட்டுவிடு” என்று உடம்பால் சொல்லியிருக்கும். போன வாரம் குட்டியின் முதல் மூன்று மாதங்களைப் பற்றிப் பார்த்தோம். வளர்ந்த நாய் சொல்லும் இந்த “வேண்டாம்” பற்றி இந்த வாரம் பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு வகை வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று வயதுக் குழந்தை ஒரு லேப்ரடாரின் கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கும். பின்னால் பெரியவர்களின் சிரிப்புச் சத்தம். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடும். நாக்கின் நுனி மட்டும் எட்டிப்பார்த்து, மூக்கை ஒரு தடவை நக்கிவிட்டு உள்ளே போகும். பக்கத்தில் தின்ன எதுவும் இருக்காது. அடுத்து ஒரு கொட்டாவி. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும், ஆனால் பார்வை குழந்தையை விட்டு அகலாது. அதனால் விழியோரத்தில் வெள்ளை தெரியும். குழந்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்ளும். நாய் அசையாமல் விறைத்துவிடும். “எவ்ளோ பொறுமை பாருங்க” என்று யாரோ சொல்வது இந்த இடத்தில்தான். எனக்கு அடிவயிறு கலங்குவதும் இந்த இடத்தில்தான். பொறுமை தீர்ந்துபோன நாய்தான் அப்படி விறைக்கும்.

கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டன் கால்நடை மருத்துவர் இந்த அறிகுறிகளை ஓர் ஏணியாக வரிசைப்படுத்தினார். அடிப்படிகளில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்குதல். அதற்கு மேல் முகத்தைத் திருப்புவது, உடம்பைத் திருப்புவது, எழுந்து விலகிப் போவது. அதுவும் பலிக்காவிட்டால் காதை மடித்துக் கூனிக் குறுகும், வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொள்ளும், மல்லாந்து காலைத் தூக்கும். அதன்பின் விறைத்து முறைக்கும், உறுமும், காற்றில் வெடுக்கென்று கவ்வும். கடி கடைசிப் படியில் இருக்கிறது. எல்லா நாயும் ஒவ்வொரு படியாக ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்ப்படிகளில் சொன்னதை யாரும் மதிக்கவில்லை என்று பழகிப்போன நாய், அடுத்த முறை நேராக மேலே போய்விடும்.

காலையில் சோம்பல் முறித்துக்கொண்டே விடும் கொட்டாவி வெறும் கொட்டாவிதான். எந்த நேரத்தில், யார் கிட்டே வரும்போது அது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வாலாட்டினால் நட்பு என்ற நம்பிக்கை பலரைக் கடி வாங்க வைத்திருக்கிறது. வால் ஆடுகிறது என்றால் நாய் கிளர்ச்சியில் இருக்கிறது, அவ்வளவுதான் பொருள். இடுப்பு முழுவதும் நெளிய, தளர்வாக வீசி ஆட்டும் வால் வரவேற்பு. செங்குத்தாக நிமிர்ந்து, விறைப்பாக, நுனி மட்டும் படபடவென்று ஆடினால் கையை நீட்டாதீர்கள். இத்தாலியின் பாரி, டிரியெஸ்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு நுட்பத்தைக் கண்டார்கள். எஜமானரைப் பார்க்கும் நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக வீசுகிறது, அறிமுகமில்லாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கம் கூடுதலாக வீசுகிறது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் வாசலில் நிற்கும்போது அதைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். வாலின் உயரமும் விறைப்பும்தான் நமக்கு உதவும். அதிலும் நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு வால் இயல்பாகவே மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். உங்கள் நாய் நிம்மதியாக இருக்கும்போது வால் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் மாற்றம் தெரியும். அழகுக்காக வாலையும் காதையும் வெட்டிய டாபர்மேன் பாவம், அது பேச வைத்திருந்ததில் பாதியை நாமே பிடுங்கிவிட்டோம்.

இனி உறுமல். வீட்டு நாய் உறுமினால் நம் வீடுகளில் உடனே நடப்பது அதட்டல், இல்லாவிட்டால் ஓர் அடி. “சோறு போட்ட கைக்கே உறுமுறியா?” அடிவாங்கிய நாய் அடங்கிவிடும், பிரச்சினை தீர்ந்தது போலவும் இருக்கும். ஆனால் அதற்கு இருந்த பயமோ வலியோ அப்படியேதான் இருக்கிறது. உறுமினால் அடி விழும் என்பதை மட்டும்தான் அது கற்றுக்கொண்டது. ரயில்வே கேட்டில் மணியைக் கழற்றிவிட்டால் ரயில் வருவது நிற்காது. “சத்தமே போடாம கடிச்சது” என்று சொல்லப்படும் நாய்களில் பல இப்படி உருவானவை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நடத்தைப் பிரச்சினைக்காக நாயை அழைத்துவந்த 140 பேரிடம் கேட்டார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் சீறியிருக்கிறது. மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேரிடமும், முறைத்துப் பார்த்து அடக்க முயன்றவர்களில் 30 சதவீதம் பேரிடமும் அதேதான் நடந்திருக்கிறது.

மல்லாக்க அமுக்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கருத்து இருக்கிறது. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து, கூட்டத்தில் தலைமைக்குப் போட்டி நடப்பதாக எழுதினார். டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. பிறகு காட்டிலேயே ஓநாய்களைப் பார்த்துவந்த அதே மெக், 1999-ல் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று எழுதினார். எழுதியவரே திருத்திக்கொண்டார். இங்கே இன்னும் பல பயிற்சியாளர்கள் “நீங்கதான் லீடர்னு காட்டணும் சார்” என்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் நாயை விடாதீர்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் சிறு குழந்தைகளுக்கு நாய் வீடியோக்களைக் காட்டினார்கள். பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்துப் பல குழந்தைகள் அது சிரிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்றன. நாயின் முகத்தைப் படிக்க வேண்டிய வேலை பெரியவர்களுடையது. கூடவே உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லையென்றால் இரண்டையும் ஒரே அறையில் விடக் கூடாது. தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் குழந்தை தொடக் கூடாது. நாய் எழுந்து விலகிப் போனால் யாரும் பின்னால் போகக் கூடாது. கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போகும் வழியே இல்லை, அதனால் சங்கிலியின் எல்லைக்குள் குழந்தை போகவே கூடாது.

சரி, உறுமிவிட்டது. அந்த நொடியில் என்ன செய்வது? செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக விலகுங்கள். குழந்தையைச் சத்தம் போடாமல் அழைத்துக்கொள்ளுங்கள். எதற்காக உறுமியது என்று பிறகு யோசியுங்கள். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் என்றால், தட்டைப் பிடுங்கிப் பழக்குவதை விட்டுவிடுங்கள். எட்ட நின்று ஒரு துண்டுக் கறியைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நடந்து போங்கள். நாளடைவில் நீங்கள் வருவதே நல்லது என்று அதற்குத் தோன்றும். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் நீங்களாக முயல வேண்டாம், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

இத்தனை வருடம் உறுமாத நாய் இப்போது உறுமுகிறது என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குள் புண், பல் வலி, வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு வலி. தடவும்போது உங்கள் கை அந்த இடத்தில் பட்டிருக்கும்.

அடுத்த வாரம்: இரவில் பைக்கைத் துரத்தும் தெருநாய்கள்.

(தொடரும்)