வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய்: துருவைக் கவனிப்பது யார் பொறுப்பு?

"எங்கள் வயலுக்குள் எரிவாயுக் குழாய் போகிறது. குழாய் பதித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இதுவரை விளைச்சலில் பாதிப்பு இல்லை. இந்த ஆண்டு நெல் தரிசில் விதைத்த உளுந்து, குழாய் போகும் பாதையில் மட்டும் பட்டையாக மஞ்சளித்து நிற்கிறது. டி.ஏ.பி. கரைசல் தெளித்தும் பச்சை திரும்பவில்லை. என்ன உரம் போடலாம்?"

காவிரி டெல்டாவைச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருக்கு நான் சொன்ன முதல் பதில்: "உரம் எதுவும் போடாதீர்கள். வரப்பில் நட்டிருக்கும் மஞ்சள் பலகையில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்."

காரணம் இதுதான். உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் வந்தால் வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். கோடு போட்டாற்போல் வராது. குழாய் பதிக்கும்போது அடிமண் மேலே வந்திருந்தால் முதல் இரண்டு மூன்று வருடங்களிலேயே பயிர் நலிந்திருக்கும். பல வருடம் நன்றாக விளைந்த பாதையில் திடீரென்று பயிர் வாடினால், எரிவாயு கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கசியும் வாயு மண்ணின் துளைகளில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். மீத்தேனை உண்ணும் மண் பாக்டீரியாக்கள் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். வேர் மூச்சுத் திணறிப் பயிர் மஞ்சளிக்கும். இதற்கு எந்த உரமும் மருந்தாகாது.

கசிவாக இல்லாமலும் போகலாம். ஆனால் அதை ஆள் வந்து கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு, நம் டெல்டாவைப் போன்ற இன்னொரு டெல்டாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நகரம் கிராமத்தில் நடந்தது

ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில், கோனசீமா பகுதியில் இருக்கும் ஊரின் பெயரே 'நகரம்'. தென்னையும் நெல்லும் விளையும் ஊர். 2014 ஜூன் 27ஆம் தேதி, பொழுது விடியும் நேரத்தில், ஊரை ஒட்டிச் சென்ற கெயில் நிறுவனத்தின் 18 அங்குல எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பிடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகளும் கடைகளும் தென்னந்தோப்புகளும் கருகின. முன்பே வாயு வாசனை வந்தது, சொல்லியும் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஊர் மக்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன.

விசாரணையில் வெளிவந்த காரணம் துரு. அதுவும் குழாயின் உள்பக்கத்துத் துரு. அந்தக் குழாய் ஈரம் நீக்கிய வாயுவைக் கொண்டுபோவதற்காக அமைக்கப்பட்டது. ஆனால் அதில் ஈரமான வாயு போய்க்கொண்டிருந்தது. ஈரத்தை நீக்கும் அமைப்பு இல்லை. வாயுவோடு வந்த தண்ணீர் குழாயின் தாழ்வான இடங்களில் தங்கியது. அந்தத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் அமிலமாகும். அமிலம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

குழாய்ப் பாதுகாப்புக்கு அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அமைந்துவிட்டது. குழாய்களுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகள் 2009இலேயே வந்துவிட்டன. குழாயின் உறுதியை ஆயுள் முழுவதும் கண்காணிக்கும் விதிகள் 2012இல் வந்தன. விபத்து நடந்தது 2014இல். ஆகவே, விதி இருக்கிறது என்பது மட்டும் ஓர் ஊரைக் காப்பாற்றாது. விதிப்படி அளவு எடுக்கிறார்களா, எடுத்த அளவை யாராவது பார்க்கிறார்களா, கோளாறு தெரிந்ததும் சரிசெய்கிறார்களா என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

துரு எப்படி வருகிறது, எப்படித் தடுக்கிறார்கள்

வெளிப்பக்கத் துரு நமக்குப் பழக்கமானது. உப்பு மண்ணில் போர்வெல் கேசிங் குழாய் சீக்கிரம் பொத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மண் பரிசோதனையில் நாம் பார்க்கும் மின்கடத்தும் திறன், அதாவது இ.சி. அளவு, கூடக்கூட அந்த மண் இரும்பையும் வேகமாக அரிக்கும். கடலோர உவர் நிலமும், எப்போதும் ஈரமாக இருக்கும் களிமண்ணும் குழாய்க்கு ஆகாதவை.

இதைத் தடுக்க இரண்டு அடுக்குப் பாதுகாப்பு உண்டு. முதலாவது, குழாயின் மேல் போடும் பிளாஸ்டிக் உறை. இரண்டாவது, கத்தோடிக் பாதுகாப்பு எனப்படும் மின்முறை. இரும்பு வாளிக்குத் துத்தநாகம் பூசுகிறோம். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அதே தத்துவம்தான். மண்ணில் வேறு உலோகத்தைப் புதைத்தோ, சிறிய அளவு நேர்மின்சாரத்தை மண் வழியாகச் செலுத்தியோ, உறை கிழிந்த இடத்தில் குழாய் துருப்பிடிக்காமல் காக்கிறார்கள்.

இது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் குழாய்ப் பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு பெட்டியோடு சோதனைக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஊழியர் அங்கே வந்து, செப்பு சல்பேட் மின்முனையை மண்ணில் வைத்து வோல்ட் அளவு எடுப்பார். பொதுவாக மைனஸ் 0.85 வோல்ட்டோ, அதைவிட எதிர்ப்பக்கமாகவோ இருந்தால் குழாய் பாதுகாப்பில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கம்பத்து வயரை யாராவது பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் அளவு எடுக்க முடியாது. மாடு கட்டவும் அந்தக் கம்பத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

உள்பக்கத் துருவுக்கு இந்த மின்முறை உதவாது. அதற்கு வாயுவின் ஈரத்தை நீக்க வேண்டும். குழாய்க்குள் 'பிக்' என்ற உருளையை ஓடவிட்டுத் தேங்கிய நீரையும் கசடையும் தள்ள வேண்டும். கருவி பொருத்திய பிக்கை ஓடவிட்டு, குழாய்ச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். நகரம் கிராமத்தின் பாடம் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே துரு

இது நம் நாட்டுக் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2000 ஆகஸ்ட் 19ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் அருகே 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த 12 பேர் இறந்தார்கள். அங்கேயும் காரணம் உள்பக்கத் துரு. 2002இல் அந்த நாடு குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. மக்கள் நெருக்கமான இடங்களில் குழாயை முதல் 10 ஆண்டுக்குள் முழுமையாகச் சோதித்து, பிறகு 7 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. சோதனைக்குக் கெடு வைத்தால்தான் தவறியவரைக் கேட்க முடியும்.

நம் நாட்டிலும் விதியை மீறும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபாய் வரையும், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க ஒழுங்குமுறை வாரியத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் நம் வயல் வரை வர வேண்டுமானால் நம் புகார் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது விசாரணையில் நிற்காது.

விவசாயி செய்ய வேண்டியவை

1. உங்கள் நிலத்தில் போவது எந்தக் குழாய், யாருடையது என்று தெரிந்து வையுங்கள். ஊருக்கு ஊர் வாயு கொண்டுபோகும் பெரிய குழாய்களுக்கு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பொருந்தும். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைச் சார்ந்த பாதுகாப்பை மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. நம் டெல்டாவில் கதிராமங்கலம் போன்ற ஊர்களில் இருப்பது இப்படிப்பட்ட கிணற்றுக் குழாய்கள். 2017 ஜூன் 30ஆம் தேதி அங்கே குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியது பலருக்கு நினைவிருக்கும்.

2. குழாய்ப் பாதையில் மண் எடுக்காதீர்கள். குழாய் பொதுவாக ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் இருக்கும். உளிக்கலப்பை ஒன்றரை அடிதான் போகும். சாதாரண உழவால் ஆபத்து இல்லை. ஆனால் சூளைக்கு மண் விற்று ஓரிரு அடி மேல்மண் போய்விட்டால் கணக்கு மாறிவிடும். ஜே.சி.பி. வைத்து வரப்பு வெட்டும்போது உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும், துரு அங்கே தொடங்கும். கீறல் விழுந்தால் மண்ணைப் போட்டு மூடிவிடாமல் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

3. பண்ணைக்குட்டை மானியத்துக்கு இடம் காட்டும்போதே, குழாய் போகிறது என்று அலுவலரிடம் சொல்லுங்கள். குட்டை, கிணறு, போர்வெல் எதுவும் குழாய்ப் பட்டையில் கூடாது. வைக்கோல் போர் போடுவதும், தாள் கொளுத்துவதும் வேண்டாம்.

4. வருடத்துக்கு ஒருமுறையாவது மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பகுதியில் கத்தோடிக் பாதுகாப்பு அளவு கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது? கருவி பொருத்திய பிக் கடைசியாக எப்போது ஓடியது? கண்ட குறைகள் சரிசெய்யப்பட்டனவா? மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம். பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனமாக இருந்தால் ஒழுங்குமுறை வாரியத்திடம் கேளுங்கள்.

கசிவு என்று தெரிந்தால்

வீட்டு சிலிண்டர் வாயுவில் வாசனைப் பொருள் சேர்த்திருப்பார்கள். பெருங்குழாயில் போகும் இயற்கை வாயுவில் அந்த வாசனை இல்லாமலும் இருக்கலாம். அதனால் மூக்கை மட்டும் நம்பாதீர்கள். சீறும் சத்தம், ஒரே இடத்தில் புழுதி கிளம்புவது, பட்டையாகப் பயிர் வாடுவது ஆகியவை அடையாளங்கள். நெல் வயலில் கால் வைத்தால் குமிழி வருவது இயல்பு. யாரும் மிதிக்காமல் ஒரே இடத்தில் விடாமல் குமிழி வந்தால் அது இயல்பல்ல.

உடனே காற்று வரும் திசை நோக்கியோ, காற்றுக்குக் குறுக்காகவோ விலகிச் செல்லுங்கள். பீடி, அடுப்பு கூடாது. டிராக்டரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பம்ப்செட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தூரமாகப் போன பிறகு செல்போனில் பலகை எண்ணுக்கும் 112க்கும் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். நீங்களே அடைக்க முயல வேண்டாம்.

வாசகர் கேள்விகள் சில

கேள்வி: குழாய் போனால் நிலம் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடுமா?

பதில்: இல்லை. 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டுமே. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். பயிர் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம், கிணறு, குளம் கூடாது. மரமும் நடக் கூடாது. அகலம் எவ்வளவு என்பது அரசிதழ் அறிவிப்பில் இருக்கும். நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழுது பார்க்க வந்து பயிரை அழித்தால் இழப்பீடு உண்டா?

பதில்: உண்டு. குழாய் பதிக்கும்போதும், பிறகு பராமரிக்கும்போதும் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தர வேண்டும். பயன்பாட்டு உரிமைக்காக நிலச் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவது இதற்குத் தனி. தொகையில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். தோண்டும் முன் பயிரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: தென்னை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வேர் உறையைப் பாதிக்கலாம். கண்காணிக்க வருபவருக்குப் பாதையும் மறையும். உளுந்து, நிலக்கடலை, நெல், காய்கறி போன்ற ஆழ வேர் இல்லாத பயிர்களே நல்லது.

குழாய் வரலாமா கூடாதா என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும். அது வேறு விஷயம். வந்துவிட்ட குழாயைத் துருப்பிடிக்காமல் காப்பது நிறுவனத்தின் கடமை. அதைச் செய்யவைப்பது அரசின் கடமை. அந்த வயலைத் தினமும் காலையில் பார்ப்பவர் நீங்கள். உங்கள் கண்ணில் பட்டதை அன்றைக்கே சொல்லுங்கள்; சொன்னதை எழுத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, பட்டா நகலோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.