சுடுநீர் வராதது ஏன்?



மலைநாட்டு இல்லங்களிலே சுடுநீர் ஆடம்பரப் பொருளன்று. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்துள்ள நுவரெலியாவில், விடியற்காலைக் குளிரிலே முதியோரும் குழந்தைகளும் குழாய்த் தண்ணீரில் நீராடுதல் எளிதான காரியமன்று. பழுதுற்ற மின் நீர்சூடாக்கியை, அதாவது கீசர் என்று நாம் வழங்கும் கருவியை, அகற்றிப் புதியதொன்றைப் பொருத்திய பின்னரும் குழாயில் குளிர்நீரே வருமாயின் வீட்டார் அடையும் ஏமாற்றம் பெரிது. கருவியே கூடாது என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். விற்றவர் பொருத்தியவரைக் குறை கூறுவார். பொருத்தியவர் விற்றவரைக் குறை கூறுவார். இவ்விருவருக்கும் இடையில் பணமும் காலமும் வீணாகின்றன.

மாணவன் ஒருவன் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றால், அவன் பாடத்தைப் படிக்கவில்லையா, அன்றிப் படித்ததை எழுதத் தவறினானா என்று முதலில் வேறுபடுத்தி அறிகிறோம். இங்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. கலத்தினுள் நீர் சூடாகவில்லையா? அல்லது, சூடான நீர் குழாய்வாயிலுக்கு வந்து சேரவில்லையா? இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கருவியைக் கழற்றத் தொடங்குதல் அறிவுடைமையாகாது.

அதற்கு முன், கருவிக்கு உரிய அவகாசத்தை அளித்தோமா என்பதைப் பார்த்தல் வேண்டும். 50 லீற்றர் கொள்ளளவும் 2 கிலோவாற்று வலுவும் உடைய சூடாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலே 28 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வரும் நீரை 60 பாகைக்கு உயர்த்த அதற்கு ஏறத்தாழ 55 நிமிடம் செல்லும். மலைநாட்டிலே 15 பாகையில் வரும் நீரை அதே அளவுக்கு உயர்த்த ஏறத்தாழ 80 நிமிடம் வேண்டும். கருவி ஒன்றே; தண்ணீரின் தொடக்க வெப்பநிலைதான் வேறு. பழைய கலத்திலும் புதிய கலம் சிறியதாயின், ஒருவர் நீராடிய பின் அடுத்தவருக்குச் சுடுநீர் குறைவதும் இயல்பே.

போதிய நேரம் காத்திருந்தும் பயனில்லையென்றால், வீட்டு மின்மானியிடம் உண்மையைக் கேட்கலாம். ஏனைய விளக்குகளையும் கருவிகளையும் நிறுத்திவிட்டு, சூடாக்கியை மட்டும் இயக்குங்கள். 2 கிலோவாற்று வலு செலவாகும்போது பழைய மானியின் தட்டு விரைந்து சுழலும். புதிய மானியின் சிறுவிளக்கு அடிக்கடி மின்னும். மானி அசையாதிருந்தால் சூடேற்றும் கம்பிக்கு மின்னோட்டம் செல்லவில்லை என்பது தெளிவு. சூடாக்கியின் முகப்பில் விளக்கு எரிவதை மட்டும் நம்புதல் போதாது. கம்பி எரிந்துபோன பின்னரும் சில கருவிகளில் அவ்விளக்கு எரியும்.

மின்னோட்டம் செல்லாமைக்குக் காரணங்கள் சில. மின்பலகையில் உள்ள ட்ரிப் சுவிச் விழுந்திருக்கலாம். மின்கம்பி இணைப்புத் தளர்ந்திருக்கலாம். மிகை வெப்பத்தைத் தடுக்கும் காப்புக் கருவி மின்னைத் துண்டித்திருக்கலாம். இவற்றினும் வருந்தத்தக்க காரணம் ஒன்றுண்டு. கலத்தில் நீர் நிரம்புமுன் மின்னைச் செலுத்தினால், வெப்பத்தை ஏற்க நீரில்லாமையால் புதிய கம்பி சிறிது நேரத்திலேயே எரிந்துவிடும். ஆதலால், சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுதும் வெளியேறி நீர் தடையின்றி ஒழுகுவதைக் கண்ட பின்னரே மின்னைக் கொடுத்தல் வேண்டும்.

மானி விரைந்து ஓடிப் பின்னர் தானாகவே அடங்குகிறது. எனினும் குழாயில் வெதுவெதுப்பான நீரே வருகிறது என்றால், குறை தண்ணீரின் பாதையில் உள்ளது. சுவரில் தொங்கும் கலங்கள் பலவற்றில் குளிர்நீர் அடியில் நுழையும். சுடுநீரை எடுக்கும் குழாயோ உள்ளே உச்சிவரை நீண்டிருக்கும். நீல அடையாளம் குளிர்நீருக்கும் சிவப்பு அடையாளம் சுடுநீருக்கும் உரியன. இவ்விரு இணைப்புகளும் இடம்மாறினால் குளிர்நீர் உச்சியிற் புகுந்து கலந்துவிட, நமக்கு அடிநீரே கிடைக்கும்.

இணைப்புகள் சரியாயிருந்தும் குறை நீங்காவிடில் எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் மின்னை நிறுத்துங்கள். சூடாக்கிக்குச் செல்லும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். நில்லாது தொடர்ந்து ஓடினால், வேறெங்கோ குளிர்நீர் சுடுநீர்க் குழாயினுட் புகுகின்றது. இருநீரையும் கலக்கும் குளியலறைக் குழாயே பெரும்பாலும் அதற்கு வழிவிடும். புதிய சூடாக்கியின் வால்வு முழுதும் திறக்கப்படாவிட்டால் சுடுநீரின் அழுத்தம் குறைந்து, முன்பு புலப்படாத இக்குறை வெளிப்படுவதுண்டு. சோதனை முடிந்ததும் வால்வை முழுதாகத் திறந்து, நீர் வருவதை உறுதிசெய்த பின்னரே மின்னைக் கொடுங்கள்.

நேயர்களே, இங்குக் கூறிய சோதனைகள் எவற்றுக்கும் கருவியின் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு அப்பால் உள்ளவை தகுதிபெற்ற மின்வினைஞரின் பணியாகும். நீரும் மின்னும் கூடுமிடத்திற் புவித்தொடுப்பு இல்லாத சூடாக்கி உயிருக்கே உலை வைக்கும். ட்ரிப் சுவிச் மீண்டும் மீண்டும் விழுந்தால் அதனை வலிந்து நிறுத்தாதீர்கள். அது நம்மை எச்சரிக்கின்றது. நீர் சூடேறும்போது விரிவதால் காப்பு வால்விலிருந்து சில துளிகள் சொட்டலாம். அதனை அடைத்துவிடுதல் பேராபத்து. 60 பாகை நீர் குழந்தையின் தோலை நொடிகளில் வேகவைத்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

வினைஞரை அழைக்கும்போது, "சுடுநீர் வரவில்லை" என்று மட்டும் கூறாது, "மானி ஓடவில்லை" என்றோ, "வால்வை மூடியும் நீர் ஓடுகிறது" என்றோ கூறுங்கள். அவரது வேலையிற் பாதி அப்போதே முடிந்துவிடும். விற்றவரும் பொருத்தியவரும் ஒருவரையொருவர் பழிப்பதற்கும் இடமிராது.