கித்தார் இசையரங்கிற் கேட்டல்

கித்தார் என்றவுடன் நம் மாணவருட் பெரும்பாலோர், மின்விசையால் முழங்கும் ஒன்றையோ, பாட்டிற்குத் துணையாகத் தட்டப்பெறும் ஒன்றையோ நினைப்பர். ஆயின், யாதொரு மின்கருவியின் உதவியுமின்றி, ஒருவர் தனித்திருந்து ஆறு தந்திகளை விரலால் மீட்ட, ஐந்நூறு பேர் மூச்சடக்கிக் கேட்டிருக்கும் அரங்குகளும் உள. அத்தகைய அரங்கிற்கு முதன்முறை செல்வோர், முதற் பத்து நிமிடத்தில் ஏமாற்றமடைதல் பெருவழக்கு. இத்துணைச் சிறிய ஒலியைக் கேட்கவோ பணங்கொடுத்து வந்தோம் என்று எண்ணி, இடைவேளையில் எழுந்து போய்விடுவோரும் உளர். அவ்வேமாற்றம் எதனால் நேர்கின்றது, பொறுத்திருந்த செவிக்குக் கிட்டுவது யாது என்பவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பிடிலில் வில் தந்தியின்மீது இழுபடும் வரையில் ஒலிக்கு ஆற்றல் சேர்ந்துகொண்டேயிருக்கும். கித்தாரிலோ விரல் ஒருமுறை தந்தியை இழுத்து விடுகின்றது, அவ்வளவே. கொடுத்த ஆற்றல் அக்கணமுதற் செலவாகின்றது. ஒலி பிறந்தவுடனே தேயத் தொடங்குகின்றது. மேலும், மெல்லிய தந்தி தானே அசைக்கக்கூடிய காற்று மிகச் சிறிது. அதன் அதிர்ச்சி குதிரையின் வழியே மேற்பலகைக்குச் சென்று, பலகை அதிர்ந்து காற்றை அசைத்தாலன்றி நம் செவிக்கு எட்டுவது அரிது.

இம்மேற்பலகையின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர், ஸ்பெயின் நாட்டு அல்மேரியாப் பகுதியில் 1817இற் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் என்னும் தச்சர். அவர் கித்தாரின் உடலைப் பெரிதாக்கினார். பலகையை மெல்லிதாக்கி, அதன் உட்புறத்தே விசிறியின் மடிப்புப்போல் விரிந்த சிறு கட்டைகளை ஒட்டி உரமளித்தார். 1862இல் அவர் செய்த சோதனை ஒன்று கேட்போர் வியக்கத்தக்கது. மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து, பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்துவிட்டார்! கருவியின் நாதம் பெரும்பாலும் பலகையினின்றே எழுகின்றது என்று காட்டவே இவ்வாறு செய்தார். அக்கருவி இன்றும் பார்சலோனா நகரத்து இசைக் காட்சிச்சாலையில் உள்ளது. இக்காலத்துக் கித்தார் செய்வோருட் பலர் அவர் வகுத்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டுள்ளனர்.

எனினும், தோரஸின் கருவியும் பெருமண்டபத்திற்கென்று கருதப்பட்டதன்று. அதனை வாசித்த பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) சிறு கூட்டங்களிலே வாசிப்பதையே விரும்பினார்; பிற்காலத்தில் நகத்தை ஒழித்து விரற்சதையால் மட்டும் மீட்டினார். அவருக்குப் பின் வந்த ஆந்த்ரேஸ் செகோவியாவே (1893–1987) நகமுஞ் சதையுஞ் சேர்த்து மீட்டி, கித்தாரை உலகத்துப் பெருமண்டபங்களுக்குக் கொண்டு சென்றார். ஆட்டுக்குடல் நரம்புக்கு மாற்றாக நைலான் தந்தி 1940களில் வழக்கிற்கு வந்ததும் அவர் ஆதரவாலேயாம். ஆயிரக்கணக்கானோர் முன்னும் ஒலிபெருக்கி வேண்டாமென்றே அவர் இருந்தார்.

இது நிற்க. அரங்கிற்குள் செல்வோம். இலண்டன் மாநகரத்து விக்மோர் மண்டபத்தை எடுத்துக்கொள்க. 1901இல் பெக்ஸ்டைன் என்னும் ஜெர்மானியப் பியானோ நிறுவனத்தார் எழுப்பியது. ஏறக்குறைய 550 இருக்கைகள் கொண்டது. ஜூலியன் பிரீம் (1933–2020) என்னும் ஆங்கிலக் கித்தார் மேதை 1951இல் அங்கேதான் இலண்டன் இரசிகர்முன் தம் பெரிய அரங்கேற்றத்தை நிகழ்த்தினார். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் வலிமை நான்கில் ஒன்றாகக் குறையும். நல்ல மண்டபத்திலோ சுவரும் வளைந்த கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புதலால், கடைசி வரிசையில் இருப்பவருங் கேட்கின்றனர்.

மேடையில் ஒரு நாற்காலியும், இடக்கால் வைக்கச் சிறு பலகையுமே காணப்படும். வாசிப்பவர் வந்தமர்ந்து சுருதி கூட்டுகின்றார். தெருவின் இரைச்சலினின்று வந்த செவி, வெயிலினின்று இருண்ட அறைக்குள் புகுந்த கண்ணைப் போன்றது. சிறிது நேரம் ஒன்றும் புலப்படாது. பின்னர் மெல்லமெல்ல வேறுபாடுகள் விளங்குகின்றன. வலக்கை குதிரையின் அருகே சென்றால் ஒலி கூர்மையாக, உலோகம்போற் கணீரென்கின்றது. நடுத்துளைக்கு அப்பாற் சென்றால் குழைந்து இனிமையாகின்றது. ஒரே சுரமே, மீட்டும் இடத்தால் இரு குரல்கள். பன்னிரண்டாம் மெட்டின்மேல் விரலை அழுத்தாது தொட்டவாறு மீட்டின், தந்தியின் இயல்பான ஒலிக்கு ஒரு ஸ்தாயி மேலே மணியோசை போன்ற நாதம் பிறக்கின்றது. கம்பி சுற்றிய தந்திகளின்மேல் இடக்கை விரல் வழுக்கும்போது எழும் கிறீச்சொலியையுங் கேட்கலாம். சிலர் இதனைக் குறையென்பர். நமக்கோ அது ஒரு மனிதன் உழைக்கின்றான் என்பதற்கு அடையாளமாகவே தோன்றுகின்றது.

தேயும் ஒலியை நீட்டிப்பது எங்ஙனம்? தாரெகா இயற்றிய ‘அல்ஹாம்பிராவின் நினைவுகள்’ என்னும் உருப்படியில் அதற்கு விடை உண்டு. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை நடத்திச் செல்ல, மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் முறையே ஒரே சுரத்தை விரைந்து மீட்டுகின்றன. விட்டுவிட்டு எழும் ஒலிகளைச் செவி ஒரே நீண்ட இழையாகக் கோத்துக்கொள்கின்றது. ஆங்கு நீண்ட ஒலி என ஒன்று இல்லை. கேட்பவரே அதனை ஆக்கிக்கொள்கின்றனர். கண்ணை மூடிக் கேட்பின் இருவர் வாசிப்பதாகவே தோன்றும்.

ஒலிபெருக்கி வைத்தால் என்னவென்று வினவலாம். வாத்தியக் குழுவுடன் வாசிக்கும்போது அவ்வினாவிற்கு நியாயமுண்டு. ஹோவாகின் ரொத்ரிகோ என்னும், இளமையிலேயே கண்ணொளி இழந்த ஸ்பானியர் இயற்றிய ‘அரங்ஹுவேஸ்’ கச்சேரி 1940இற் பார்சலோனாவில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. கித்தாரை அமிழ்த்தாதிருக்க, அவர் குழு முழுவதையும் அதன்மேல் ஏவாது பெரும்பாலும் அடக்கியே எழுதினார். இருந்தும், ஆஸ்திரேலியாவிற் பிறந்த ஜான் வில்லியம்ஸ் (திரைப்பட இசையமைத்த வில்லியம்ஸ் வேறொருவர்) வெளிப்படையாகவே ஒலிபெருக்கியை மேற்கொண்டார். அதனைக் குறைகூறோம். ஆனால் தனிக் கித்தாருக்கு, ஐந்நூறு பேர் கொள்ளும் மண்டபத்தில், அது தேவையன்று என்பதே எம் கருத்து. ஒலி கையினின்று வாராது பெட்டியினின்று வந்தால், கண் ஓரிடத்தையும் செவி வேறோரிடத்தையும் நோக்க நேர்கின்றது. ஒலிவாங்கி தந்திக்கு மிக அண்மையில் நிற்பதால், மண்டபத்தில் கரைந்து இனிமையாக வேண்டிய கடுமையும் அப்படியே பெருகி வருகின்றது. எல்லாவற்றினும் மேலாக, மெல்லென மீட்டியதும் உரக்கக் கேட்பதனால், மெல்லென மீட்டியதன் கருத்தே கெடுகின்றது.

செல்ல நினைக்கும் அன்பர்கட்குச் சில சொற்கள். இருக்கையை மேடைக்கு நேரே, முன்பாதியிற் பெறுக. விலை மிகுதியாயினும் கித்தாருக்கு அது வீண்செலவன்று. குறித்த நேரத்திற்குக் கால்மணி முன்னரே சென்று, பேச்சொழிந்து அமர்க. நிகழ்ச்சித்தாளை முன்னமே படித்து மடித்து வைத்துவிடுக. தாள் புரளும் ஓசை ஈண்டுத் தந்தியோசைக்கு இளைத்ததன்று. கைப்பேசியை அடக்கி வைத்தாற் போதாது, அதிர்வையும் நிறுத்துக. இறுதிச் சுரத்தை மீட்டியபின் வாசிப்பவரின் வலக்கை தந்திகளின் மேலேயே சிறிது நேரம் நிற்கும். பலகை அப்பொழுதும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அக்கை கீழே இறங்கிய பின்னரே கைதட்டுக.